மேட்டுக்கு மதிப்பெண்

நூற்றுக்கு நாற்பது வருமானப் பங்குக்கு.
இருபது அனுபவத்துக்கு. பதினைந்து பாதுகாப்புக்கு.
மிச்சத்தைக் கழிப்பறையும் கார் நிறுத்தமும் காப்பீடும்
பிரித்துக்கொண்டன.
அட்டவணை போட்டவள் நான்.
கட்டங்கள் அழகாக இருக்கின்றன என்றாள் டோரீன்.

லெத்பிரிட்ஜில்
ஆற்றங்கரைச் சரிவுகளுக்குக் கூலி என்று பெயர்.
வந்த புதிதில் தனியே சிரித்திருக்கிறேன்.
அப்படியொரு கூலியின் மடியில்
நகராட்சி கட்டிய திறந்தவெளி அரங்கம்.
நாலாயிரம் பேர் உட்காரலாம்.
ஐந்து வருடமாகக் கையைக் கடிக்கிறது.
இனித் தனியார் நடத்தட்டும் என்று
ஏழுக்கு இரண்டில் தீர்மானம்.

மூன்று பேர் கேட்டார்கள்.
டொராண்டோ நிறுவனம் நூற்றுப் பன்னிரண்டு பக்கம் அனுப்பியது.
படத்தில் எல்லோரும் கைகளை உயர்த்தியிருந்தார்கள்.
ஒருவர் தலைமுடியும் கலைந்திருக்கவில்லை.
யார் ஊர் இது என்றார் நிஷியாமா.

எங்கள் ஊரில் காற்று
வாடகை தராத குடித்தனக்காரன்.
மேற்கிலிருந்து வருவதைப் பழந்தமிழில் கோடை என்பார்கள்.
இங்கே அது ஜனவரியிலும் வரும்,
ஒரு மதியத்துக்குள் தெருப்பனியைக் குடித்துவிட்டுப் போகும்.
ஜூலையில் அதற்கு வேறு வேலை:
மேடையில் பாடுவதை வேலிக்கு மேலே தூக்கி
கிழக்கே இருக்கும் மேட்டில் கொண்டுபோய்ப் போடும்.

அந்த மேட்டில் உட்கார்ந்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.
உருளைக்கிழங்கு ஆலையில் இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள்,
சீருடை மாற்றாத நர்சுகள்,
நாய்கள்,
டிக்கெட் நாற்பத்தெட்டு டாலராக இருந்த ஒரு வருடம் முழுக்க
நான்.
பாட்டில் பாதி வரும். பாதியைக் காற்றே வைத்துக்கொள்ளும்.
ஓசியில் கேட்பவர் குறை சொல்வதில்லை.

அட்டவணையில் மேட்டுக்குக் கட்டம் இல்லை.
நேர்காணலில் கேட்டேன். வக்கீல் இருமினார்.
ஒருவரிடம் கேட்டால் மூவரிடமும் கேட்க வேண்டுமாம்.
கேட்டேன்.

டொராண்டோ சொன்னது: அது ஒலிக்கசிவு,
கறுப்புத் திரை கட்டி நிறுத்திவிடலாம்.
கால்கரி சொன்னது: அதையும் குத்தகையில் சேருங்கள்,
போர்வையோடு ஆளுக்கு இருபது டாலர்.
கூடாரம் வாடகைக்கு விடும் உள்ளூர்க்காரி மார்கே ஹூக்ஸ்ட்ரா
கொஞ்சம் யோசித்தாள்.
அங்கே ஒரு குப்பைத்தொட்டிகூட இல்லை,
இரண்டு வைக்கணும் என்றாள்.

கசிவு என்று தமிழிலேயே எழுதிப் பார்த்தேன், ஓரத்தில்.
கசிவதற்குத்தானே பாட்டு.

ஆனால் மார்கேயிடம் வங்கி உத்தரவாதம் இல்லை.
காப்பீட்டுக் கட்டத்தில் பூஜ்யம் போட்டது யார் என்று கேட்காதீர்கள்.
எண்பத்தொன்றரை, எழுபத்து நாலு, ஐம்பத்தெட்டு.
கூட்டலை இரண்டு முறை சரிபார்த்தேன்.
சரியாகத்தான் இருந்தது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தேன்.
மேட்டுக்கும் மேடைக்கும் நடுவே எதையும் தொங்கவிடக் கூடாது.
தமிழில் அந்த இரண்டுக்கும்
ஓர் ஐகாரம்தான் வித்தியாசம்.
ஆங்கிலத்தில் அது பதினான்கு புள்ளி மூன்று.
அடித்துவிட்டு அனுப்பினார்கள். திரும்ப எழுதினேன்.
ஒன்பதாவது வரைவில்
'நியாயமான காரணமின்றி' என்ற இரண்டு சொற்களோடு
உயிர் பிழைத்தது.
நியாயமான காரணம் எப்படியும் கிடைத்துவிடும்,
அவர்களிடமும் வக்கீல் இருக்கிறார்.

முதல் கச்சேரிக்குக் கழுத்தில் மாட்டும் அட்டை வந்தது,
முன்வரிசை, இலவசப் பானம்.
நகராட்சி ஊழியர் வாங்கக் கூடாது என்பது விதி.
விதிகளுக்கு நான் நன்றி சொன்ன நாட்கள் குறைவு.

மேட்டுக்குப் போனேன்.
வேலியோரம் பன்னிரண்டு புதுக் கம்பங்கள்,
ஒவ்வொன்றிலும் ஆறு கொக்கி.
திரை இன்னும் வரவில்லை.
புல்லில் இரண்டு குப்பைத்தொட்டிகள் நின்றன,
பூங்காத் துறையின் பச்சை நிறம்.
யார் சொல்லி வைத்தது என்று டோரீனைக் கேட்டால்
வேறு பேச்சுப் பேசுவாள்.

காகிதக் கோப்பையை ஒன்றில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.
பக்கத்து நர்ஸ் காலணியைக் கழற்றினாள்.
கோடை அடித்தது.
கொக்கிகள் வெறுமனே
கணகணவென்று ஆடின,
பாட்டுக்கு ஒட்டாத தாளத்தில்.